இது ஒரு சிறிய தொகுப்பு

முதலில் ஒரு பயனர் பெயர் வேண்டும். சொந்தப் பெயர் தேவையில்லை. இங்கே யாரும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. நான் ஸ்பேனர். லிப்ட் பராமரிப்பு என் வேலை. என் மனைவி இங்கே கசப்பு. எந்தக் காக்டெயிலிலும் கசப்புச் சாறு இரண்டு சொட்டு என்று இருந்தால் அவள் நான்கு விடுவாள்.

பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி. அவ்வளவுதான். இனி இந்தக் காக்டெயில் விக்கியில் எந்தப் பக்கத்தையும் நீங்கள் திருத்தலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புதிதாக வருபவர்கள் இதை நம்புவதில்லை. "யார் வேணும்னாலும் மாத்தலாமா? யாராவது வேணும்னே தப்பா எழுதிட்டா?" என்று கேட்பார்கள். இன்னொருவர் வந்து சரிசெய்வார் என்று சொல்வோம். ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் நடந்தது.

கணக்கு வைத்திருப்பவர்கள் நாற்பத்தொரு பேர். எழுதுபவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் படித்துவிட்டுக் குடிப்பவர்கள். நிர்வாகிகள் இரண்டு பேர், நானும் அவளும்.

இந்தப் பக்கத்துக்குப் "புதியவர்களுக்கு" என்று தலைப்பு. இதை முதலில் எழுதியதும் நாங்கள் இருவர்தான். நேற்றுவரை இதில் பன்னிரண்டு பத்திகள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். பழையவை வேண்டுமென்றால் மேலே "வரலாறு" என்பதை அழுத்துங்கள். இங்கே எதுவும் அழிவதில்லை என்று அதில் எழுதியிருப்போம். அது முழு உண்மை இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் முதல் தொகுப்பை மணல்தொட்டியில் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணல்தொட்டி உண்டு. எழுதிப் பார்க்கவும் அடித்துப் பார்க்கவும் ஓர் இடம். தனியிடம் போலத் தோன்றும். தனியிடம் இல்லை. யாரும் படிக்கலாம்.

எழுதி முடித்ததும் கீழே இரண்டு விஷயங்கள் இருக்கும். ஒன்று, தொகுப்புச் சுருக்கம். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி. இன்னொன்று, ஒரு சிறு கட்டம். "இது ஒரு சிறிய தொகுப்பு" என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கும். கால்புள்ளி, இடைவெளி போன்றவற்றைத் திருத்தினால் அதில் குறியிடுங்கள். நீங்கள் ஒருமுறை தொகுத்த பக்கம் உங்கள் கவனிப்புப் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடும். பிறகு வேறு யாராவது அதை மாற்றினால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். ஆனால் அந்தக் கட்டத்தில் குறியிட்டிருந்தால் வராது. கால்புள்ளிக்கெல்லாம் ஆட்களை எழுப்ப வேண்டாம் என்று நாங்கள் செய்த ஏற்பாடு.

கடைசியாக ஒரு விதி. மற்றவர் நல்ல எண்ணத்தோடுதான் தொகுத்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதியவள் அவள். முதல் நாள், அதன் கீழே "என் புருஷன் தவிர" என்று சேர்த்தாள். பத்து நிமிடம் கழித்து அவளே எடுத்தாள். சுருக்கம்: "சும்மா". வரலாற்றில் மூன்றாவது பதிவு. இப்போதும் இருக்கிறது.

எனக்குக் குடியில் பெரிய ஆர்வம் கிடையாது. ஒரு கோப்பை தாண்டினால் தலை வலிக்கும். எனக்குப் பிடித்தது அளவு. முப்பது மில்லி என்றால் முப்பது. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பகல் முழுவதும் மற்றவர்களின் கண்ணுக்கு லென்ஸ் பொருத்திவிட்டு வந்து, எங்கள் சின்னச் சமையலறையில் ஷேக்கரைக் கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவாள். செய்முறைகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். நான் அவற்றில் அளவைத் திருத்துவேன். அவள் என் திருத்தத்தைத் திருத்துவாள். ஒரு காகிதத்தில் இடம் போதவில்லை. விக்கி அப்படித்தான் தொடங்கியது.

"நீ குடிக்கிற ஆள் இல்ல. மருந்து கலக்குற ஆள்," என்பாள்.

அவளுக்குப் பாதாம், முந்திரி, வால்நட் எதுவும் ஆகாது. சிலருக்குத் தடிப்பு வரும், அரிப்பு வரும். அவளுக்குத் தொண்டை அடைக்கும். திருமணமான முதல் வருடம், அவளுடன் வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டில் ஒரு பிஸ்கட்டைப் பாதி கடித்தாள். டாக்சியில் அவள் உதடு வீங்குவதைப் பார்த்தேன். அவள் பையில் ஓர் ஊசி இருந்தது, பேனாவைப் போல. தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து தானாக இறங்கும். நான் அதற்கு முன் அதைத் தொட்டதில்லை. அழுத்தினேன். பத்துவரை எண்ணினேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவளும்கூட.

அன்றிலிருந்து ஊசியை நான் வைத்துக்கொண்டேன். சட்டைப் பையில், இடது பக்கம். எதை வாங்கினாலும் லேபிளை நான் படிப்பேன். ஓட்டல்களுக்கு முன்கூட்டியே போன் செய்வேன். அவள் தட்டில் இருப்பதை நான் முதலில் ஒரு வாய் சாப்பிடுவேன். வாங்கும்போது ஒருமுறை பார்க்க வேண்டும், திறக்கும்போது ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் பழக்கினேன்.

"நீ வர்றதுக்கு முன்னாடி இருபத்தெட்டு வருஷம் நான் எப்படித்தான் உயிரோட இருந்தேனோ," என்பாள்.

விக்கியிலும் அதையே விதியாக வைத்தோம். எந்தப் பக்கமானாலும் கடைசி வரி "ஒவ்வாமை" என்று தொடங்க வேண்டும். இருந்தால் என்னவென்று எழுத வேண்டும். இல்லையென்றால் "ஏதுமில்லை" என்று எழுத வேண்டும். வெறுமையாக விடக் கூடாது. அந்த விதியை அவள் கேட்டாள், நான் எழுதினேன். எங்கள் விக்கியைப் பற்றி மற்றவர்கள் பேசினால் அந்த வரியைத்தான் சொல்வார்கள்.

பதினோரு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். அவள் போனதில் அவள்மீது தப்பு இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அலர்ஜிகூட எப்பவாவதுதான்ப்பா மூச்ச அடைக்குது. நீ தினமும் அடைக்கிற." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சில மாதம் கழித்து அதையே மறுபடி சொன்னாள், சிரிக்கவில்லை. மூன்றாவது முறை சொன்னபோது கையில் பெட்டி இருந்தது. வேறு ஆள் யாரும் இல்லை. ஊரின் மறுகோடியில் அவள் தங்கை குடியிருக்கும் ஃப்ளாட்டுக்குப் போனாள்.

வாசலில் நின்று கையை நீட்டினாள். "ஊசியக் குடு."

எங்களிடம் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்று நிஜம். இன்னொன்று மருத்துவமனையில் பழகுவதற்காகக் கொடுத்தது. அதே நீளம், அதே சாம்பல் நிறம், ஒட்டியிருக்கும் தாள் மட்டும் வேறு. அதில் மருந்து கிடையாது, ஊசி கிடையாது. அழுத்தினால் க்ளிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் அறைக்குள் போய், பேனா வைக்கும் மஞ்சள் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தேன். அவள் திறந்து பார்க்காமல் கைப்பையில் போட்டாள். எதையும் திறக்கும்போது பார்க்க வேண்டும் என்றுதான் பழக்கியிருந்தேன். கொடுப்பவன் நானாக இருந்தால் பார்க்க வேண்டியதில்லை என்பதும் அவளுக்குப் பழகியிருந்தது.

பெட்டியில் இருந்தது பழகு பேனா.

வேண்டுமென்றுதான் வைத்தேனா என்று கேட்டால், ஒரு வாரத்தில் கண்டுபிடிப்பாள் என்று நினைத்தேன். கண்டுபிடித்ததும் கூப்பிடுவாள். "ஏய், நிஜ ஊசி எங்க?" என்று திட்டுவாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு காபி கொடுப்பாள். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஏழு மாதம் அவள் கூப்பிடவில்லை.

விக்கியில் அவளுடைய உரையாடல் பக்கத்தில் நான் எழுதினேன், பழைய ஷேக்கரின் மூடி இங்கேயே இருக்கிறது என்று. "வச்சுக்கோ" என்று பதில் வந்தது. மூடி இல்லாத ஷேக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மற்றபடி, தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவள் மணல்தொட்டியைப் படிப்பேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பழைய வரிகளை மறுபடி படிப்பேன்.

ஒரு திங்கட்கிழமை புதிதாக எழுதியிருந்தாள். அப்படியே தருகிறேன்.

"சனி மாலை. தங்கச்சிக்குப் பதவி உயர்வு. ஆறு பேர். இருபத்தேழு மூலிகை, எலுமிச்சை, சோடா, மேலே கசப்பு? சீசா அவ ஆபீஸ்ல குடுத்தது. நான் இதுவரை குடிச்சதில்ல. விக்கி பக்கத்துல பார்த்தாச்சு, ஒவ்வாமை ஏதுமில்லை. ஸ்பேனர் இருந்தா மூணு தடவை பார்த்திருப்பான்."

இருபத்தேழு மூலிகை என்பது நாங்கள் வைத்த பெயர். பழுப்பு நிறத்தில் ஒரு மது. விலை அதிகம். எங்களில் யாரும் வாங்கியதில்லை. சீசாவில் இருபத்தேழு பொருட்கள் சேர்ந்தது என்று போட்டிருக்கும், என்னென்ன என்று போட்டிருக்காது. யாரோ எப்போதோ "ஏதுமில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் எழுதியதில் ஸ்பேனர் என்று தொடங்கும் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். நான் படிப்பேன் என்று தெரிந்துதான் எழுதினாள் என்று தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, தராசு அந்தப் பக்கத்தைத் திருத்தினார். தராசு கூரியர் ஆபீஸில் பார்சல் எடை போடுபவர். ஐஸ் கட்டியைக்கூட எடை போட்டுத்தான் கோப்பையில் போடுவார். என்னை அண்ணன் என்பார், அவளை அக்கா என்பார், இருவரையும்விட நான்கு வயது மூத்தவர். தெரியாத ஒன்றைத் தெரியாது என்று விட அவரால் முடியாது. அந்த மதுவைத் தயாரிப்பவர்களுக்கு இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. இருபத்தேழில் ஒன்று வால்நட். அவர் "ஏதுமில்லை" என்பதை எடுத்துவிட்டு "வால்நட்" என்று போட்டார். சுருக்கம்: "தயாரிப்பாளர் கடிதப்படி". பகல் பதினொன்று இருபது. சேமித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். சனிக்கிழமை விருந்து பற்றி அவருக்குத் தெரியாது. அடுத்தவர் மணல்தொட்டியைப் படிக்கிறவர் இல்லை அவர்.

அந்தப் பக்கத்தைக் கசப்பு ஒருபோதும் தொகுத்ததில்லை. அதனால் அவளுக்கு மின்னஞ்சல் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை சீசாவைத் திறக்கும்போது மறுபடி பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். வாங்கும்போது ஒருமுறை, திறக்கும்போது ஒருமுறை.

புதன்கிழமை காலை, ஒரு அலுவலகக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் லிப்ட் இயந்திர அறையில் இருந்தேன். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "வால்நட்" என்பதை எடுத்துவிட்டு "ஏதுமில்லை" என்று வைத்தேன். புதிதாக ஒரு பொய்யை நான் எழுதவில்லை. முந்தைய பதிவைத் திரும்ப வைத்தேன். சுருக்கத்தில் "இடைவெளி சரிசெய்தல்" என்று எழுதினேன். கட்டத்தில் குறியிட்டேன். தராசுக்கு மின்னஞ்சல் போகவில்லை.

லிப்டில் ஒரு பிரேக் போனால் இன்னொன்று பிடிக்கும். அப்படித்தான் கட்டுகிறார்கள். லிப்ட் விழுந்தது என்று எங்கேயாவது படித்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒரு கோளாறு என்று நினைக்க மாட்டோம். இரண்டையும் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்போம்.

நான் நினைத்தது இது. ஒரு வாய் குடிப்பாள். தொண்டை அரிக்கும். பெட்டியைத் திறப்பாள், பழகு பேனா இருக்கும். உடனே என்னைக் கூப்பிடுவாள், நிஜ ஊசி என்னிடம்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் போவேன். நான் பக்கத்திலேயே இருந்தால் நேரம் ஆகாது. அவள் தங்கையின் ஃப்ளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நாங்கள் பராமரிக்கும் கட்டடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அங்கே காவலாளியைத் தவிர ஆள் இருக்காது. அங்கிருந்து ஃப்ளாட் வாசலுக்கு ஆறு நிமிடம். வியாழன் ஒருமுறை, வெள்ளி ஒருமுறை நடந்து பார்த்தேன்.

சனிக்கிழமை மூன்றரைக்கே போய்விட்டேன். கீழ்த்தளத்தில் லிப்டுக்கு எதிரே கருவிப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். நிஜ ஊசி சட்டைப் பையில் இருந்தது. போன் முட்டியின்மேல் இருந்தது. புதுச் சட்டை போட்டிருந்தேன். காவலாளி பார்த்துவிட்டு, "என்ன சார், லிப்டையா பொண்ணு பார்க்க வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

நான்கு நாற்பதுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. முன்கதவு கண்ணாடி. அதன் வழியே பார்த்தேன். தெருவில் வந்து, இடது பக்கம் திரும்பியது. அந்தத் தெருவில் ஃப்ளாட்டுகள் நிறைய உண்டு.

என் போன் அடிக்கவில்லை. அதனால் அது அவளுக்காக இருக்காது என்று நினைத்தேன்.

மேலே எழுதிய வரி சரியில்லை. அடிக்காமல் அப்படியே விடுகிறேன், என்ன மாற்றினேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும். சரியானது இது: அது அவளுக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். அவள் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.

ஐந்தே காலுக்குப் போன் அடித்தது. மச்சினி. "அத்தான், பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. அக்கா கண்ணே திறக்க மாட்டேங்கிறா. சீக்கிரம் வாங்க அத்தான்."

மருத்துவமனை இருபது நிமிட தூரம். நான் போய்ச் சேர்ந்தது ஆறே காலுக்கு.

இடையில் இருந்த நேரத்தைச் சொல்கிறேன். இங்கே எதுவும் அழிவதில்லை என்று எழுதியிருந்தோம். நிர்வாகிக்கு ஒரு வழி உண்டு. பக்கத்தை முழுதாக நீக்கிவிட்டு, வேண்டிய பதிவுகளை மட்டும் மீட்கலாம். மீட்காத பதிவுகள் வரலாற்றில் தெரியாது. கருவிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தபடியே அதைச் செய்தேன். தராசின் செவ்வாய்க்கிழமைத் தொகுப்பும் என் புதன்கிழமைத் தொகுப்பும் போயின. பழைய "ஏதுமில்லை" மட்டும், யாரும் தொடாதது போல, இருந்தது.

போனில் செய்வது கொஞ்சம் சிரமம், அதனால்தான் நேரம் ஆனது.

நான் போனபோது முடிந்திருந்தது. மச்சினி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. மஞ்சள் பெட்டியைக் கையில் பிடித்திருந்தாள்.

"முதல்ல லேசாத்தான் அரிக்குதுன்னா அத்தான். உடனே போன எடுத்து உங்க விக்கியத் திறந்து பார்த்தா. 'இதுல ஒண்ணும் இல்லடி, எலுமிச்சையா இருக்கும்'னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டா. நான் ஊசி எடுக்கட்டுமான்னு கேட்டேன். 'அதான் பார்த்தேன்ல, பேசாம இரு, அவர மாதிரி படுத்தாத'ன்னா. பதினஞ்சு நிமிஷம் அத்தான். சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தா. அப்புறம் பேச்சு வரல. நான்தான் ஊசி போட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே தொடையில வச்சு அழுத்தினேன். க்ளிக்னு சத்தம் கேட்டுச்சு. பத்து எண்ணினேன். மறுபடி பத்து எண்ணினேன். ஏன் அத்தான் மருந்து கேக்கல? நான் தப்பா போட்டுட்டேனா?"

"நீ தப்பா போடல," என்றேன். "குடு, நான் பார்த்துக்கறேன்." பெட்டியை வாங்கிக்கொண்டேன். அது இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பிறகு கேட்டேன், கடைசியாக யாருக்காவது போன் செய்ய முயன்றாளா என்று.

மச்சினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்ல அத்தான். போன் கையிலதான் இருந்துச்சு. அந்தப் பக்கம்தான் திறந்திருந்துச்சு."

நான் கணக்கில் விட்டது அதைத்தான். மூச்சு முட்டினால் என்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் விக்கியைப் பார்த்தாள். அதை நம்பும்படி ஒன்பது வருடம் நாங்கள்தான் கட்டியிருந்தோம்.

ஒரு வாரம் கழித்துத் தராசு வீட்டுக்கு வந்தார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணே, அந்தப் பக்கத்துல நான் வால்நட்னு போட்டேன்னு நினைச்சுட்டு இருந்தேன். கடுதாசி வீட்டுல இருக்கு. செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு வந்துச்சு. வந்த உடனே கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தேன். போட்டேன்னுதான் நினைச்சேன். இப்பப் போய்ப் பார்த்தா வரலாத்துலயே இல்ல."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அன்னிக்கு ஒரு வண்டி பார்சல் வந்து நின்னுச்சு. பாதியில எழுந்து போயிட்டேன் போல. சேமிக்காம விட்டிருக்கேன். ஏண்ணே, அப்படித்தானே இருக்கும்? வரலாறு பொய் சொல்லாதுல்ல?"

"சில சமயம் அப்படி ஆகும்," என்றேன். "யாருக்கும் ஆகலாம்."

அவர் தோளில் கை வைத்தேன். அவர் அழுதார். என் மனைவி இறந்ததற்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன்.

அதன்பின் வாரம் தவறாமல் வந்தார். ஆபீஸில் ஒரே பார்சலை மூன்று முறை எடை போடுகிறார் என்று அவருடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வதைச் சொன்னார். பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தினார். அவர் மனைவி எனக்குப் போன் செய்தாள். "ராத்திரி பகல்னு இல்லாம கம்ப்யூட்டர் முன்னாடியே இருக்காருங்க. எதையோ எழுதுறாரு, சேமிக்கிறாரு, பார்க்கிறாரு. மறுபடி எழுதுறாரு. சோறு எறங்கல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு."

அவர் மணல்தொட்டியைப் போய்ப் பார்த்தேன். "வால்நட்" என்று எழுதிச் சேமித்திருந்தார். அழித்துச் சேமித்திருந்தார். மறுபடி எழுதிச் சேமித்திருந்தார். நானூற்றுப் பத்துப் பதிவுகள். ஒவ்வொன்றும் வரலாற்றில் பதிந்திருந்தது.

நேற்று நிர்வாகிகளுக்கான பக்கத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார். "நான் சேமிக்கவில்லை. அக்கா போனது என்னால்தான். என் கணக்கை நிரந்தரமாகத் தடை செய்யவும். திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷன் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன்." கீழே, ஒவ்வொரு முறையும் போடுவது போல, நேரத்தையும் தேதியையும் போட்டிருக்கிறார்.

தடை செய்யும் பக்கத்தைத் திறந்தேன். அவர் பெயரை இட்டேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். பிறகு அதை மூடிவிட்டு இந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

மறைத்த இரண்டு பதிவுகளையும் மீட்டுவிட்டேன். யாரும் போய்ப் பார்க்கலாம். தராசு, செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. நீங்கள் சேமித்தீர்கள். அதற்குக் கீழே இருப்பது நான்.

மச்சினிக்கும் சொல்ல வேண்டும். நீ சரியாகத்தான் அழுத்தினாய். அதில் மருந்து இல்லை.

மஞ்சள் பெட்டியையும் நிஜ ஊசியையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டேஷனுக்கு நான் போகிறேன். தராசு போக வேண்டியதில்லை. அங்கே என்ன சொல்வது என்று யோசித்துவிட்டேன். நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அது பாதிதான். அவளுக்கு மூச்சு நிற்க வேண்டும், நான் வந்து கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் வராமல் அவளுக்கு மூச்சு வருவதை விரும்பவில்லை. ஆம்புலன்ஸைப் பார்த்து உட்கார்ந்தது அதனால்தான்.

என் கணக்கையும் தடை செய்ய வேண்டும். ஒரு நிர்வாகியைத் தடை செய்ய இன்னொரு நிர்வாகி வேண்டும். இங்கே இன்னொரு நிர்வாகி கசப்பு.

தொகுப்புச் சுருக்கத்தில் "புதியவர்களுக்கு, திருத்தப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். கட்டத்தில் குறியிடவில்லை. சேமித்ததும், இந்தப் பக்கத்தை எப்போதாவது தொகுத்த எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். என்னைத் தவிர ஐந்து பேர், அவளையும் சேர்த்து. அவள் முகவரியை நான் எடுக்கவில்லை.

படித்ததும் கோபம் வரும் அவளுக்கு. முதலில் எழுத்துப் பிழைகளைத் திருத்துவாள், அப்படித்தான் அவள். பிறகு திட்டுவதற்காவது கூப்பிடுவாள். போனை மேசைமேல் வைத்திருக்கிறேன். சத்தத்தை முழுதாகக் கூட்டியிருக்கிறேன்.